சும்மா எரியாது

கோட்டாற்றில் மிளகாய் வற்றல் மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு மேலே இருந்தது அந்த அக்காவின் கடை. பக்கவாட்டில் செங்குத்தான படிகள். பாதி ஏறும்போதே தும்மல் வந்துவிடும். தும்மல் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்.

"மேல வா மக்கா, மிச்சத்த இங்கன வந்து தும்மிக்கிடலாம்."

அந்த நெடிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நாம் கொண்டுபோன பொருளை அவள் முதலில் மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு "இது சர்க்யூட் பலகை கரிஞ்ச வாடை" என்றோ, "இது கெப்பாசிட்டர் வாடை, பயப்படாண்டாம்" என்றோ சொல்வாள். வற்றல் நெடியில் எனக்கு என் சட்டை வாசனையே தெரியாது. அவளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்தது.

கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டுவதற்கென்றே இருக்கும் கிராபிக்ஸ் கார்டுகளைப் பழுது பார்ப்பதில்தான் அவளுக்குப் பெயர். நாகர்கோவிலில் எந்தக் கடையில் "இனி இது ஆகாது, புதுசு வாங்கிக்கோங்க" என்று கைவிரித்தாலும், பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "கோட்டாறுல ஒரு அக்கா இருக்கா" என்பார். பெயர்ப் பலகை கிடையாது. நானும் பெயரைக் கேட்டதில்லை. என் கைபேசியில் அவள் எண்ணை 'கார்டு அக்கா' என்று வைத்திருந்தேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரை ஊரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவாள். வந்ததும் இரண்டு கை வளையல்களையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிலுவையை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிடுவாள். குனியும்போது உலோகம் எதுவும் பலகையில் பட்டுவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் விளக்கைப் போடுவாள்.

வேலை படித்த கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். கணவருக்கு வள்ளம் உண்டு. கடலில் திசை பார்க்கும் ஜிபிஎஸ் கருவி ஒருநாள் செத்துப் போனது. சும்மா நின்றுவிட்டது என்றார் கணவர். கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே மீன் செதில். "மூணு நாளு கேட்டேன் மக்கா. மூணாம் நாளு சொன்னாரு, அதுக்க மேலதான் மீன் கூடைய வச்சேன்னு. கட்டுன ஆளயே விசாரிச்சுத்தான் நான் இந்தத் தொழிலப் படிச்சேன்." அந்த ஜிபிஎஸ்ஸில் தொடங்கி, அக்கம்பக்கத்து வள்ளங்களின் வயர்லெஸ், பிறகு டிவி, லேப்டாப் என்று வளர்ந்து கிராபிக்ஸ் கார்டில் வந்து நின்றிருந்தாள்.

எனக்கு ஊர் தோவாளை. வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் முகப்பு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது அப்போது என் தொழில். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவருக்கு ஒரு முகப்பு வரைந்துகொண்டிருந்தேன். எட்டுத் தூண் வேண்டும் என்றார். இருபத்தெட்டு அடி அகல வீட்டுக்கு எட்டுத் தூண் வைத்தால் வாசலை எங்கே வைப்பது என்று கேட்டேன். "அத நீங்கதான பாக்கணும்" என்றார். அவர் விமானம் ஏறுவதற்குள் படம் முடிந்தால் அவருடைய அண்ணன் தம்பிகள் வீட்டு வேலையும் எனக்கு வரும் என்று பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் என் கம்ப்யூட்டரில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டுப் புகை வந்தது. கார்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல்முறையாக அந்தப் படிகளில் ஏறினேன்.

அக்கா மோந்து பார்த்தாள். "என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலக்கா. சும்மா ஆன் பண்ணுனேன். புகை வந்துட்டு."

"சும்மா எதுவும் எரியாது மக்கா. நேத்து ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"நேத்துக்கும் இன்னைக்கும் எடையில பெட்டியத் தெறந்தியா?"

குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. டாக்டர் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதுபோல் கேட்டாள். திறந்தது நான்தான். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் புதிதாக வாங்கி மாட்டியிருந்தேன். கார்டுக்குப் போகும் பழைய கேபிள் ஏற்கெனவே அழகாக ஒதுங்கிக் கிடந்ததால் அதை உருவச் சோம்பல்பட்டு, அதன் முனையைப் புதுப் பெட்டியில் செருகிவிட்டேன். சரியாகப் பொருந்தியது. எங்கள் தெருவில் யாருக்குக் கம்ப்யூட்டர் கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் இதை எப்படிச் சொல்வது?

"தம்பி தெறந்தான். புது எஸ்எம்பிஎஸ் மாட்டுனான்" என்றேன்.

தம்பி மஸ்கட்டில் இருந்தான்.

"பழைய கேபிள மாத்துனானா, அப்படியே விட்டானா?"

"தெரியல்லியே."

"அந்தக் கேபிளக் கொண்டு வா. தம்பியையும் கூட்டிட்டு வா."

மறுநாள் கேபிளை மட்டும் கொண்டுபோனேன். தம்பிக்கு வேலை இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. அக்கா மல்டிமீட்டரின் முள்ளை ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பார்த்தாள்.

"கண்டியா. முனை பாக்க ஒண்ணுபோல இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் உள்ள கம்பிய வேற வேற எடத்துல விட்டிருப்பான். போகவேண்டிய வழி ஒண்ணு, வந்த வழி வேற. கார்டு பாவம் என்ன செய்யும்?"

பிறகு பலகையை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். ஓரத்தில் ஒரு சில்லு நிலக்கரியாகக் கருகியிருந்தது. நான் அதைக் காட்டி, "இதத்தானக்கா மாத்தணும்?" என்றேன்.

"அவன் எரிஞ்சவன். அவன எரிச்சவன் எங்கயோ நல்ல பிள்ளையா இருப்பான்."

கருகிய சில்லைச் சூடான காற்றுக் குழலால் எடுத்தாள். மீட்டரில் மறுபடியும் பார்த்தாள். ஷார்ட் சர்க்யூட் அப்படியே இருந்தது. ஒரு வோல்ட் அளவுக்குக் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துவிட்டு, பலகையின் மேல் ஸ்பிரிட்டைத் தெளித்தாள். பலகை முழுவதும் ஈரமாகப் பளபளத்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கருகிய இடத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, கடுகு அளவே இருந்த ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றி மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. ஒரு கீறல்கூட இல்லாத, புத்தம் புதிதாகத் தெரிந்த கெப்பாசிட்டர். ஷார்ட் ஆகி உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது அதுதான்.

"இன்னா இருக்கான்" என்று அக்கா நிமிர்ந்தாள். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

அந்த இரண்டையும் ஃபியூஸையும் மாற்ற அவளுக்கு அன்று மதியம் வரை ஆயிற்று. நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. தும்மிக்கொண்டே இருவர் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். பின்னால் வந்த பெண் அவரிடம் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். அவள் கண் சிவந்திருந்தது, அது வற்றல் நெடியால் வந்த சிவப்பு இல்லை.

"டீயக் கொட்டிட்டா" என்று ஸ்டுடியோக்காரர் கார்டை மேஜையில் வைத்தார். "மூணு கல்யாணம் உள்ள கெடக்கு. ரிப்பேர் முடிஞ்சதும் இவள வீட்டுக்கு அனுப்பப் போறேன். நீங்க டீதான்னு சொல்லணும், அவ அப்பாகிட்ட நான் காரணம் சொல்லணும்லா."

"நான் கொட்டல" என்றாள் அந்தப் பெண். நிறைய முறை சொல்லிச் சலித்த குரல்.

அக்கா மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பஞ்சுக் குச்சியால் கார்டில் காய்ந்திருந்த கறையைத் தொட்டு விரலில் வைத்துத் தேய்த்தாள்.

"டீயா இருந்தா சீனி ஒட்டும். இது ஒட்டல்ல" என்றாள். பிறகு விசிறியைக் கழற்றினாள். அதன் அடியில் சுருண்டு காய்ந்த மஞ்சள் இதழ் ஒன்று கிடந்தது. இடுக்கியால் அதை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தாள். "கேந்திப் பூவு" என்றாள். மாலையில் கட்டும் செண்டுமல்லிதான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மக்கா, நீ தோவாளைக்காரன்லா. சந்தையில மாலைய எப்படிக் குடுப்பாங்க?"

"வாடாம இருக்க வெள்ளம் தெளிச்சுதான் குடுப்பாங்க. பிழிஞ்சா சொட்டும்" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு மால போட்டது யாரு?" என்று அக்கா ஸ்டுடியோக்காரரைக் கேட்டாள். கார்டைப் பற்றி என்னைக் கேட்ட அதே குரல்.

அவர் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். அவளாக அதைச் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"பெரிய மாலையா வாங்கி நாந்தான் போட்டேன்" என்றார் அவர் கடைசியில். "பெட்டிக்கு மேல. வருசா வருசம் போடுறதுதான்."

"மேல காத்துப் போக ஓட்ட இருக்கும்லா. அது வழியா எறங்கியிருக்கு. சாமிக்குப் போட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அடுத்த வருசம் உதறிட்டுப் போடுங்க. இல்லேன்னா பக்கத்துல ஒரு ஸ்டூல் வச்சு அதுல போடுங்க." சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "பிள்ளே, அந்த மூணு கல்யாணமும் கார்டுல இல்ல, டிஸ்க்லதான் இருக்கும். ஒண்ணும் போகல. நாளைக்கழிச்சு வா."

அவர்கள் இறங்கிப் போனார்கள். பாதிப் படியில் ஸ்டுடியோக்காரர் தும்மினார். அந்தப் பெண் ஏதோ சொல்ல, அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா சோல்டரிங் முனையை மறுபடி கையில் எடுத்தாள்.

என் கார்டு ஓடியது. தூண்களை ஏழாகக் குறைக்க துபாய்க்காரர் சம்மதித்தார். சரியாகப் பதினோராம் நாள், அவர் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, கார்டு மறுபடியும் புகைந்தது.

இந்த முறை படிகளில் தும்மக்கூட எனக்கு நேரமில்லை. உள்ளே ஒருவர் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் இருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கத்தினேன். புதிது வாங்கியிருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும், எல்லாரும் சொல்லியும் கேட்காமல் இங்கே வந்தேன், என் பிழைப்பே போயிற்று என்றெல்லாம் சொன்னேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள். "இரு மக்கா" என்று கார்டை வாங்கி மோந்தாள். அதே கேள்விகளைக் கேட்டாள். பெட்டியைத் திறந்தாயா, எதையாவது மாற்றினாயா, கரண்ட் போய் வந்ததா. இந்த முறை எல்லாவற்றுக்கும் என்னிடம் உண்மையான பதில் இருந்தது. எதுவும் நடக்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் அரை மணி நேரம் நிமிரவில்லை. லேப்டாப்காரர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் அக்கா தன் ஈயக் கம்பிச் சுருளை எடுத்து லென்ஸின் கீழ் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

"வந்து பாரு" என்றாள்.

பார்த்தேன். கருகிய சில்லின் இரண்டு கால்களுக்கு நடுவில் மிகச் சிறிய உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் வைக்கிற ஈயம் மங்கலா இருக்கும். இது மினுங்குதுல்லா. இது எனக்க ஈயம். ஒட்டும்போது தெறிச்சிருக்கு. நான் அடியில கழுவல்ல. சூட்டுல பைய நவுந்து வந்து ரெண்டு காலையும் சேத்துட்டு." அவள் நாற்காலியைத் திருப்பினாள். லேப்டாப்காரருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். "இவனுக்க கார்டு எரிஞ்சது என்னாலதான். வேற ஆரும் ஒண்ணும் செய்யல்ல."

லேப்டாப்காரர் எழுந்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இன்னொரு நாள் வாறேன்" என்று இறங்கிப் போனார். அவர் வரமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்கா அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் படியிறங்கி முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமேக்கா. எனக்குத் தெரியவா போவுது" என்றேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாண்டாமா? இத வேற எதுக்க மேலயாவது சொல்லிட்டேன்னு வையி, நாளைக்கு அடுத்தவனுக்க கார்டுலயும் கழுவாம விடுவேன்."

சொல்லிவிட்டு எழுந்து, தன் மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்து அதிலிருந்த கார்டைக் கழற்றினாள். அவள் வேலைக்கு வைத்திருந்த கார்டு அது. என் துணியில் அதைச் சுற்றி என் கையில் கொடுத்தாள். "துபாய்க்காரர் போறவரைக்கும் இதுல ஓட்டு. அதுக்குள்ள உனக்கதச் சரியாக்கிருவேன்."

படம் முடிந்தது. ஆறு தூண், ஒரு வாசல். துபாய்க்காரர் விமானம் ஏறும் நாளன்று காலையில் அதைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து, இதைத்தான் நான் முதலிலிருந்தே சொன்னேன் என்றார்.

கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. என் தம்பி அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். வீட்டில் அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொய் உறுத்தியது.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கேபிளத் தப்பா மாட்டுனது தம்பி இல்ல. நாந்தான்."

அக்கா பலகையை நுரை போகக் கழுவிக்கொண்டிருந்தாள். பல் தேய்க்கும் பிரஷ்ஷால், அடியெல்லாம் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சிரித்தாள்.

"உனக்க தம்பி போன வாரம் உனக்க பேரச் சொல்லிட்டு போன் சரியாக்க வந்திருந்தானே. நீதான அந்தக் கேபிள மாட்டுனன்னு கேட்டேன். நான் மஸ்கட்டுலல்லா இருந்தேன்னு சொன்னான்."

"பின்ன நீங்க ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேபிள் எதுன்னு தெரிஞ்சு போச்சுல்லா. கை எதுன்னு தெரிஞ்சு நான் என்ன செய்ய?"

"ஸ்டுடியோக்காரர்கிட்ட மட்டும் கை எதுன்னு கேட்டீங்களே?"

"அங்க ஒரு பிள்ளைக்க வேலை போவுது. உனக்க தம்பிக்கு என்ன போச்சு? மஸ்கட்டுல இருந்துக்கிட்டே ஒரு எஸ்எம்பிஎஸ்ஸ மாட்டுன கெட்டிக்காரன்னு பேருதான் வந்துச்சு."

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் படிகளில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். வேலை இல்லாதபோதும் சும்மா போவேன். பிறகு ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்து, கோட்டாற்றுக் கடையைக் காலி செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். காற்றாலையின் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைப் பழுது பார்க்கக் கூப்பிட்டவர்கள், அவள் கேட்ட கேள்விகளைக் கண்டு அப்படியே வைத்துக்கொண்டார்களாம்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது, அவர்கள் முதன்முதலாகக் கூப்பிட்டு அவள் போய்க்கொண்டிருந்த அந்தக் காலையில்தான். நாகர்கோவிலிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கருவிப் பை மடியில் இருந்தது. ஒரு காற்றாடியைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சும்மா நின்னு போச்சாம்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினாள்.

வெள்ளமடம் தாண்டியதும் பஸ் முனகிக்கொண்டு நின்றது. முன்னால் எஞ்சின் மூடியிலிருந்து புகை வந்தது. எல்லாரும் இறங்கினோம். ஆபீசுக்குப் போகிறவர்கள் ஓட்டுநரைச் சூழ்ந்துகொண்டார்கள். வண்டியைப் பார்த்து எடுக்கத் தெரியாதா என்றார் ஒருவர். சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுமா என்றார் இன்னொருவர். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். தலைத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

பின்னால் வந்த பஸ் நின்றது. கூட்டம் அதில் பாய்ந்து ஏறியது. எனக்கும் தோவாளையில் ஒருவர் காத்திருந்தார். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆளொழிந்த சாலையோரத்தில், திறந்த எஞ்சினுக்குப் பக்கத்தில், கண்ணை மூடி மோந்துகொண்டு நின்றாள். பிறகு ஓட்டுநரிடம் ஏதோ கேட்டாள். அவர் முதலில் தலையை மட்டும் அசைத்தார்.

"அக்கா, பஸ் எடுக்கப் போறாங்க" என்று கத்தினேன்.

"நீ போ மக்கா. நான் அடுத்ததுல வாறேன்."

பஸ் நகர்ந்தது. ஓட்டுநர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இப்போது பேசத் தொடங்கியிருந்தார். கையை டிப்போ இருக்கும் திசையில் நீட்டினார், எஞ்சினைக் காட்டினார், இரண்டு விரலை உயர்த்தி ஏதோ கணக்குச் சொன்னார். அக்கா பையைத் தரையில் வைத்துவிட்டு, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.